பேசிக்கொண்டே ஓடட்டும்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூவாயிரம் மீட்டர் ஓடுபவள். போன வருஷம் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தாள். இந்த வருஷம் முதலாவதாக வர வேண்டும், மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும், அந்தச் சான்றிதழை வைத்துக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்க வேண்டும் என்பது அந்த வீட்டின் கணக்கு. தப்பில்லாத கணக்குதான்.

தினமும் காலையில் ஐந்தரை மணிக்கு அவள் ஓடுவாள். அப்பா பின்னால் ஸ்கூட்டரில் வருவார். கையில் போன். போனில் ஒரு செயலி. ஒவ்வொரு கிலோமீட்டர் முடிந்ததும் அது ஒரு பெண் குரலில் நேரம் சொல்லும். நேற்றைய நேரத்தைவிட இன்று ஒரு வினாடி கூடினாலும் அப்பா ஹாரன் அடிப்பார். பால் வாங்கப் போகும்போது நானே பல நாள் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். "சார், நீங்க ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. மூணு வாரமா டைம் ஏறிக்கிட்டே போகுது. சோம்பேறித்தனம் வந்துடுச்சு. இன்னும் வேகமா ஓடச் சொல்லுங்க."

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "தாத்தா, மாடிப்படி ஏறினாலே கால் கனக்குது. ராத்திரி தூக்கம் வரல. காலையில ஷூவைப் பாத்தாலே அழுகையா வருது" என்றாள்.

அவள் அப்பாவிடம் சொன்னேன்: "இன்னும் வேகமா இல்லீங்க. இன்னும் மெல்ல ஓடச் சொல்லுங்க. நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப மெல்ல."

மனிதர் முகம் மாறிவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று எழுந்து போய்விட்டார். பந்தயத்தில் ஜெயிக்க வழி கேட்டு வந்தவரிடம் மெல்லப் போகச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்! அன்று அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். ஓடுகிற பேரன் பேத்தி உள்ள நண்பர்களும் படிக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், நான் சரியாகச் செய்தவன் என்பதால் அல்ல. தப்பாகச் செய்தவன் என்பதால்.

1986-ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்து மூன்று வயது. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், மனசில் எப்படியாவது ஒரு மாநில சாம்பியனை உருவாக்கிவிட வேண்டும் என்ற வெறி. அப்போது என்னிடம் ஒரு பையன் கிடைத்தான். தஞ்சாவூருக்கு வெளியே புது ஆற்றங்கரையை ஒட்டி ஒரு கிராமம். அப்பா விவசாயக் கூலி. காலையில் வரும் ஒரே பஸ்ஸும் அவன் நேரத்துக்கு வராது. அதனால் பையைத் தோளில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையோடு ஓடியே பள்ளிக்கூடம் வருவான். ஆறு கிலோமீட்டர். சாயங்காலம் அதே வழியில் ஓடியே திரும்புவான். வழியில் மாடு மேய்ப்பவர்களோடு பேசிக்கொண்டு, மதகில் கொஞ்சம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடி. செருப்புகூட இல்லை.

அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரை 16 நிமிடம் 20 வினாடியில் ஓடி முதல் பரிசு வாங்கினான். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரை, வெறுங்கால், என்னிடமிருந்து பெரிதாக ஒரு பயிற்சியும் இல்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. பயிற்சியே இல்லாமல் இப்படி என்றால், பயிற்சி கொடுத்தால் இவன் எங்கே போவான்!

கொடுத்தேன். முதல் காரியமாக, "தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் சும்மா ஓடி சக்தியை வீணாக்காதே" என்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவனுடைய உறவினர் வீட்டில் தங்க வைத்தேன். அப்புறம் வாரத்தில் ஆறு நாள் மைதானம். நானூறு மீட்டரைப் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் 70 வினாடிக்குள். நடுவில் ஒரே ஒரு நிமிடம் ஓய்வு. 71 ஆனால் இன்னொன்று கூடுதல். வாந்தி எடுப்பான். "அதுதான்டா பயிற்சி" என்பேன்.

நான் படித்தது அப்படி. ஜெர்மனியில் 1930-களில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் வளர்த்தெடுத்த இடைவெளிப் பயிற்சி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஐயாயிரம், பத்தாயிரம், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஸாட்டோபெக் நானூறு மீட்டரை எத்தனை எத்தனை முறை ஓடினார் என்ற கதைகள், இவைதான் எங்களுக்கு வேதம். வேதத்தில் பிழை இல்லை. ஸாட்டோபெக் எத்தனை வருஷம் ஓடி ஓடி அந்த இடத்துக்கு வந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை. பிழை அங்கேதான்.

முதல் மூன்று வாரம் பையன் பறந்தான். ஆறாவது வாரம் நேரம் நின்றுவிட்டது. பத்தாவது வாரம் ஐயாயிரம் ஓடவைத்துப் பார்த்தேன்: 16 நிமிடம் 50 வினாடி. நான் என்ன செய்தேன்? பன்னிரண்டைப் பதினைந்து ஆக்கினேன்! முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்றான். எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத்தில் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கும் தேர்வு. ஏழாவது சுற்றில் நொண்டியபடி ஓரமாக வந்து உட்கார்ந்தான். எலும்பில் கீறல் என்று டாக்டர் சொன்னார். வேலை போயிற்று. அதற்கப்புறம் அவன் ஓடவேயில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். தன் மகனைக் கூப்பிட்டு, "எனக்கு ஓடக் கத்துக் கொடுத்த சாருடா, கும்பிட்டுக்க" என்றான். எனக்குப் பந்தியில் சாப்பாடு இறங்கவில்லை. கை கழுவும் இடத்தில் தனியாகப் பிடித்து, "என் மேல் வருத்தம் இல்லையாப்பா?" என்று கேட்டேவிட்டேன். சிரித்தான். "அதெல்லாம் இல்ல சார். ஆனா ஒண்ணு. அந்த ஆத்தங்கரையில ஓடி வந்தேன் பாருங்க, அப்பதான் நல்லா இருந்துச்சு. அப்ப யாரும் வாட்ச் பிடிக்கல."

இவ்வளவுதான் சொன்னான். எனக்கு விளங்குவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. பணி ஓய்வுக்குப் பிறகு மகன் ஒரு கணினி வாங்கித் தந்திருந்தான். அதில் ஓட்டப் பயிற்சி பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. "பயிற்சியே இல்லாத பையன்" என்று நான் நினைத்தேனே, அவன் வாரம் அறுபது, எழுபது கிலோமீட்டர் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தான்! உலகத்தின் நல்ல பயிற்சியாளர்கள் எதைத் தேடிக் கண்டுபிடித்தார்களோ அதை அவன் ஊர் பஸ் அவனுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. நான் செய்த முதல் காரியமே அதைப் பிடுங்கியதுதான்.

அந்தப் பயிற்சியாளர்களில் தலையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்து நகரில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரக்பி ஆடுவார். தன் உடம்பு திடமானது என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தன்னைவிட மூத்தவர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடப் போய் மூச்சுத் திணறிப் போனார். இந்த வயதிலேயே இப்படி என்றால் இன்னும் வயதானால் எப்படி இருப்பேன் என்ற பயம். அன்றிலிருந்து தன் உடம்பையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். வாரத்துக்கு இருநூறு மைலுக்கும் மேல் ஓடிப் பார்த்தார், அது அதிகம். குறைத்துப் பார்த்தார், அது போதவில்லை. கடைசியில் வந்து நின்ற இடம்: வாரம் நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், பெரும்பகுதியும் மூச்சு இரைக்காத வேகத்தில். சில மாதங்கள் இப்படி அடித்தளம் போட்ட பிறகே மேட்டு ஓட்டம், அதற்குப் பிறகே மைதானத்தில் வேகம், கடைசியில் பந்தயம். நாற்றங்கால், நடவு, களை, அறுவடை என்று நம் ஊரில் ஒரு வரிசை இருக்கிறதே, அதே மாதிரி. நான் செய்தது விதைத்த மறுநாளே அரிவாளோடு வயலில் இறங்கிய கதை.

அவரிடம் ஓடியவர்கள் நாடு முழுக்கச் சலித்து எடுத்த பிள்ளைகள் அல்ல. பெரும்பாலும் ஆக்லாந்தில் அவரைச் சுற்றி ஓடிய இளைஞர்கள். அப்போது நியூசிலாந்தின் மொத்த மக்கள்தொகையே 25 லட்சத்துக்கும் குறைவு. 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். 800 மீட்டரில் யாருக்கும் அதிகம் தெரியாத பீட்டர் ஸ்னெல், உலக சாதனை வைத்திருந்த பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸைக் கடைசி அடிகளில் முந்தித் தங்கம் வாங்கினார். ஒரு மணி நேரத்துக்குள் முர்ரே ஹால்பெர்க் ஐயாயிரம் மீட்டரில் தங்கம். ரக்பியில் அடிபட்டு இடது கை சூம்பிப்போனவர் அவர். மூன்று சுற்று மீதி இருக்கும்போதே எல்லாரையும் விட்டு விலகி ஓடிவிட்டார். சில நாள் கழித்து மாரத்தானில் பாரி மகீ வெண்கலம். மூவருக்கும் ஒரே ஆசான்.

இதில் ஸ்னெல்லைக் கவனியுங்கள். 800 மீட்டர் என்பது இரண்டே சுற்று. ஒன்றே முக்கால் நிமிட வேலை. அதற்காக அவர் ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள மலைச்சாலையில் 22 மைல் ஓடிப் பழகினார்! 1962-இல் ஒரு வார இடைவெளியில் ஒரு மைல் உலக சாதனையையும் 800 மீட்டர் உலக சாதனையையும் உடைத்தார். இரண்டும் புல் தரையில். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். "மெல்ல ஓடிப் பழகினா மெல்லத்தானே சார் ஓட வரும்?" என்று அந்த அப்பா கேட்டதற்கு என்னிடம் உள்ள முதல் பதில் பீட்டர் ஸ்னெல்.

இப்போது காரணத்துக்கு வருவோம்.

நீண்ட தூர ஓட்டம் என்பது காலின் வேலை மாதிரித் தெரியும். உண்மையில் அது ஆக்ஸிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. மெல்ல, நீண்ட நேரம் ஓடும்போது உடம்புக்குள் சில வேலைகள் சத்தமில்லாமல் நடக்கின்றன. இதயத்தின் அறை விரிந்து ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக ரத்தம் தள்ளுகிறது. தசைக்குள் தந்துகிகள் என்று படித்திருக்கிறோமே, அந்த முடியினும் மெல்லிய குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. செல்லுக்குள் அடுப்பு மாதிரி எரியும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. உடம்பு சர்க்கரையைச் சேமித்துக் கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொள்கிறது. இதெல்லாம் நடக்க வேகம் தேவையில்லை. நேரம் தேவை, வாரம் வாரமாக, மாதம் மாதமாக.

தினமும் மூச்சு முட்ட ஓடினால் இந்த வேலைக்கு நேரமே கிடைக்காது. இருபது நிமிடத்தில் ஆள் களைத்துவிடுவான். மறுநாளும் களைப்பு தீராது. இன்னொன்று முக்கியம்: மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக் கணக்கில் ஆகும். என் பையன் விஷயத்தில் நடந்தது அதுதான். மூச்சு தயாராகிவிட்டது என்று நான் விரட்டினேன், எலும்பு தயாராகவில்லை.

நம் தெருப் பெண் விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். அவள் மூவாயிரத்தை 11 நிமிடம் 20 வினாடியில் ஓடியவள். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 47 வினாடி. தினசரி ஐந்து கிலோமீட்டரை 21 நிமிடத்தில் ஓட வைக்கிறார் அப்பா. கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 12 வினாடி. இது பந்தய வேகமும் இல்லை, இலகுவான வேகமும் இல்லை. இரண்டுங்கெட்டான் வேகம். உண்மையான வேகப் பயிற்சியின் பலன் இதில் கிடைக்காது, ஆனால் களைப்பு மட்டும் முழுசாகக் கிடைக்கும். அவள் இலகுவாக ஓட வேண்டியது கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம், ஆறு நிமிடம்கூட. நம் சித்திரை வெயில் காலத்தில் இன்னும் மெல்ல.

இதைக் கேட்டால்தான் பெற்றோருக்கு நெஞ்சு அடைக்கிறது. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022-இல் பெர்லினில் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடினார். 42 கிலோமீட்டரும் கிலோமீட்டருக்கு சுமார் 2 நிமிடம் 52 வினாடி. அந்த மனிதர் அப்போது கப்டகட் முகாமில் வாரத்தில் செவ்வாய் மைதானம், வியாழன் நெடுந்தூரம், சனி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது என்று மூன்று நாள்தான் கஷ்டப்பட்டு ஓடுவார். மற்ற ஓட்டமெல்லாம் இலகு. அதுவும் ஆரம்பத்தில், நம் தெருப் பெண்ணே கூடச் சேர்ந்து வரலாம் போல, கூட்டமாகப் பேசிக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கிளம்புவார்கள். அவ்வளவு வேகமான ஆளுக்கே மெல்ல ஓட வெட்கமில்லை. நமக்குத்தான் வெட்கம்.

நார்வேயில் ஆய்வு செய்யும் ஸ்டீபன் செய்லர் என்ற விஞ்ஞானி, உச்சத்தில் இருக்கும் ஓட்டக்காரர்கள், படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் எல்லாரும் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தார். வேறு வேறு நாடு, வேறு வேறு விளையாட்டு. ஆனால் பத்துப் பயிற்சியில் சுமார் எட்டு இலகுவானது, இரண்டுதான் கடினமானது என்பது திரும்பத் திரும்ப வந்தது. யாரோ ஒருவர் சொல்லி எல்லாரும் கேட்டது அல்ல. அவரவர் பட்டுத் தெரிந்துகொண்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

வேகப் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். அது இல்லாமல் யாரும் ஜெயித்ததில்லை. லிடியார்டின் ஆட்களும் பந்தயத்துக்கு முந்திய வாரங்களில் மைதானத்தில் கடுமையாக ஓடியவர்கள்தான். அவர்களுடைய நீண்ட ஓட்டமும் ஆமை நடை அல்ல. மூச்சு இரைக்காத, ஆனால் உற்சாகமான வேகம். நான் சொல்வது, சாப்பாட்டில் உப்பு மாதிரி வேகம் இருக்கட்டும் என்பதுதான். நான் அந்தப் பையனுக்கு உப்பையே சோறாகப் போட்டேன்.

மெல்ல என்றால் சோம்பேறித்தனமா? அல்ல. வாரம் 160 கிலோமீட்டர் ஓடுபவனைச் சோம்பேறி என்று யார் சொல்வார்கள்? இலகுவான ஓட்டத்துக்குப் பொறுமை அதிகம் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை, பக்கத்தில் இன்னொருவன் முந்திப் போகும்போது, "போகட்டும்" என்று விடுவதற்கு ஒரு மனத்திடம் வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டுப்பாடம். இந்தக் கேள்வி நியாயமானது. கிப்சோகேக்கு டியூஷன் இல்லை. வாரம் மூன்று நாள் மட்டுமே ஓட முடிகிற பிள்ளைக்கு வேகத்தின் பங்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் இந்தப் பெண் வாரம் ஆறு நாள் ஓடுகிறாள். 21 நிமிடத்தை 40 நிமிடமாக்க வேண்டும். அவள் அரைமணி முன்னால் எழுந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி போனைப் பார்த்து அப்பா செய்யும் நேர ஆராய்ச்சியை நிறுத்தினாலே சீக்கிரம் தூங்கலாம்.

நான் எழுதிக் கொடுத்த அட்டவணை இதுதான். திங்கள், புதன் நாற்பது நிமிடம் இலகுவாக. செவ்வாய் ஒரு வேகநாள்: நானூறு மீட்டர் ஆறு முறை, நடுவில் நன்றாக மெல்லோட்டம். வியாழன் இலகுவாக ஓடிவிட்டு, கடைசியில் எண்பது மீட்டர் ஐந்தாறு முறை காலை வீசி ஓடுவது. வெள்ளி ஓய்வு. சனி பத்துப் பதினைந்து நிமிடம் கொஞ்சம் அழுத்தி. ஞாயிறு ஒரு மணி நேரம், ஆற்றங்கரையில், பேசிக்கொண்டே.

பேசிக்கொண்டே என்பதுதான் அளவுகோல். ஒரு முழு வாக்கியம் மூச்சு அறுபடாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். காலையில் படுக்கையிலேயே நாடி பிடித்து எண்ணிப் பார்க்கட்டும். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். தூக்கம் கெடுவது, எரிச்சல், படியேறக் கனப்பது எல்லாம் உடம்பு எழுதும் கடிதங்கள். பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அதை "ஓடுறதால அப்படித்தான்" என்று விடக்கூடாது. சாப்பாடு போதவில்லை, பயிற்சி அதிகம் என்பதற்கு அது பெரிய எச்சரிக்கை. டாக்டரிடம் போக வேண்டும். இதைக் கேட்க அப்பாக்களுக்குக் கூச்சமாக இருக்கும். பாட்டிகள் கேட்கலாம்.

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன் என்று ஒரு டாக்டர் இருந்தார். நீண்ட, மெல்லிய ஓட்டம்தான் உடம்புக்கு ஏற்றது, குழந்தைகளே இயல்பில் நெடுந்தூரக்காரர்கள் என்று எல்லாரும் சிரித்த காலத்தில் சொன்னவர். அவரிடம் பயிற்சி பெற்ற ஹரால்ட் நோர்போத் 1964 டோக்கியோவில் ஐயாயிரம் மீட்டரில் வெள்ளி வாங்கினார். 1972-இல் ஓடிக்கொண்டிருந்தபோது கார் மோதி டாக்டருக்கு இரண்டு காலும் போயின. மறு வருஷமே தன் ஊரில் பெண்களுக்கென்று தனியாக ஒரு மாரத்தான் நடத்தினார். பெண்களால் அவ்வளவு தூரம் முடியாது என்று ஒலிம்பிக் கதவை மூடி வைத்திருந்த காலம் அது. தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பாருங்கள். ஓடும், நிற்கும், பேசும், மறுபடி ஓடும். நாள் பூராவும். அவர் சொன்னது அதைத்தான். என் பையன் மதகில் நின்று தண்ணீர் பார்த்ததும் அதுதான்.

நம் வயதுக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. லிடியார்ட் 1960-களின் தொடக்கத்தில், மாரடைப்பு வந்தவர்களையும் தொப்பை போட்டவர்களையும் சேர்த்து ஆக்லாந்தில் மெல்லோட்டம் ஓட வைத்தார். பேச முடிகிற வேகம், அதே விதி. அமெரிக்காவிலிருந்து வந்த புகழ்பெற்ற பயிற்சியாளர் பில் பவர்மேன் அவர்களோடு ஓடப் போய், எழுபது தாண்டிய ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். அவர் ஊருக்குத் திரும்பி ஒரு புத்தகம் எழுதித்தான் 'ஜாகிங்' அமெரிக்கா முழுக்கப் பரவியது. நாம் ஓட வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடந்தால் போதும். ஆனால் இந்த வயதில் நமக்கு எது நல்லது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோமோ, அதுவே பதினாறு வயதுப் பந்தயக்காரிக்கும் அடித்தளம் என்பதை மட்டும் ஏனோ ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

பேரப்பிள்ளை ஓடிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்காதீர்கள். "யாரோட ஓடின? என்ன பேசினீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பயிற்சி சரியாகப் போகிறது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பா மறுபடி வந்தார். இந்த முறை காபியை முழுசாகக் குடித்தார். முழு மனசு இல்லை. "ஆறு வாரம் பாக்குறேன் சார். அதுக்கப்புறம் என் வழி" என்றார். அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனை வீட்டில் வைக்க மட்டும் சம்மதிக்கவில்லை. சத்தத்தை அணைத்து வைக்கிறேன் என்றார். பாதி வெற்றி.

போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. அவள் முதலாவதாக வருவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷமும் ஓடுவாள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பையனுக்கு நான் கொடுக்கத் தவறியது அந்த அடுத்த வருஷத்தைத்தான்.

இப்போது ஞாயிறுதோறும் அவள் புது ஆற்றங்கரையில் ஓடுகிறாள். நான் என் பழைய சைக்கிளில் பக்கத்தில் போகிறேன். எழுபத்திரண்டு வயதில் அவளுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அவள் மெல்லப் போக வேண்டும். அதுவே ஒரு கட்டுப்பாடுதான். வழியெல்லாம் அவளைப் பேச வைக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கதை, சினிமாக் கதை, அப்பாவின் ஸ்கூட்டர் கதை. பேச்சு திக்கினால், "மெல்லடி" என்று மணி அடிப்பேன்.

போன வாரம் மதகருகே கொஞ்சம் நின்றோம். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை.